விளிம்பு வெட்டு

என் வேலை ஒட்டுவது. யாராவது விசாரித்தால் 'வெள்ள முன்கணிப்பு மையத்தில் இணைப்பு அலுவலர்' என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவி புனிதா கணக்கு டீச்சர். அவள் மற்ற டீச்சர்களிடம், "அவர் ஆபீஸ்ல ஃபைல் ஒட்டறார்" என்றுதான் சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

எங்கள் ஊர் பரவனூர், ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றின் வடக்கு மதகைத் திறப்பதா தெற்கு மதகைத் திறப்பதா என்பதை இங்கே மனிதர்கள் முடிவு செய்வதில்லை. முன்பு செய்தார்கள். ஒரு வெள்ளத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரின் இறால் பண்ணை நனையக் கூடாது என்று மதகை மாற்றித் திறந்ததில் நூற்றுச் சொச்சம் பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. முடிவை இயந்திரம்தான் எடுக்கும், அதில் மனிதக் கை படக் கூடாது. ஒன்பது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எல்லாருக்கும் நிம்மதி, முக்கியமாக அதிகாரிகளுக்கு.

ஊரை நாங்கள் ஆறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கணினி வைத்திருக்கிறோம். புயல் சின்னம் உருவானதும் ஒவ்வொரு கணினியும் தன் துண்டில் வரப்போகிற வெள்ளத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும். தண்ணீரை மட்டுமல்ல, மனிதர்களையும். ஊரில் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு நிழல் உண்டு. ரேஷன் கார்டு எண்ணும் உறுப்பினர் எண்ணும் சேர்ந்ததுதான் அதன் எண். தண்ணீர் வந்தால் இவர் உடனே கிளம்புகிற ஆளா, டிவியை மாடியில் ஏற்றிவிட்டுக் கிளம்புகிற ஆளா, பக்கத்து வீடு கிளம்பினால்தான் கிளம்புகிற ஆளா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நம் கையில் எந்நேரமும் இருக்கிற போன் எதற்கு இருக்கிறது?

வடக்கு மதகைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஒரு ஓட்டம், தெற்கைத் திறந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு ஓட்டம். ஓட்டத்துக்கு ஆறு கோப்பு. அந்த ஆறையும் ஒட்டி ஒன்றாக்கி, மதகின் இயந்திரத்துக்குப் புரிகிற வடிவத்துக்கு ஒரு தடவை, படகுத் துறைக்குப் புரிகிற வடிவத்துக்கு ஒரு தடவை, கலெக்டருக்குப் புரிகிற மாதிரி வண்ணப் படமாக ஒரு தடவை மாற்றி அனுப்ப வேண்டும். எந்த ஓட்டத்தில் சாவு குறைவோ அந்த மதகு தானாகத் திறக்கும். ஆள் இருக்கிற இடங்களுக்குப் படகு தானாகக் கிளம்பும்.

எப்படி ஒட்டுவது, எதை வெட்டுவது, எதை நிரப்புவது என்பதெல்லாம் ஓர் அளவுருக் கோப்பில் இருக்கிறது. முப்பத்தெட்டு வரி. ஆயுத பூஜை முடிந்ததும் போன வருஷத்துக் கோப்பை நகல் எடுத்து, மேலே தேதியை மாற்றிச் சேமிப்பது எங்கள் வழக்கம். திரையில் குங்குமம் காய்வதற்குள் முடிந்துவிடும். பதினேழாவது வரியில் 'விளிம்பு வெட்டு = 40' என்றும், அதன் பக்கத்தில் 'தொடாதே. ஞா.பி.' என்றும் இருக்கும். நான் இந்த நாற்காலிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மூன்று தடவை தேதி மாற்றியிருக்கிறேன், பதினேழாவது வரியைத் தொட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. தொகையைப் பார்க்கலாம், ஆளைப் பார்க்கக் கூடாது. இத்தனை பேர் சாவார்கள் என்பது கோப்பின் தலைப்பில் வரும். யார் யார் என்பதும் உள்ளே இருக்கும், ஆனால் திறக்க மாட்டோம். திறந்தால் அடுத்த வருஷம் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது.

அந்த வருஷம் புயல் சின்னம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஓட்டம் முடிந்து ஒட்டியும் ஆயிற்று. வடக்கு மதகு: சாவு பூஜ்யம். தெற்கு மதகு: இரண்டு. மறுநாள் மாலை ஆறு மணிக்கு வடக்கு திறக்கும். தெற்கு மதகுத் தண்ணீர் போகிற வழியில்தான் எங்கள் ஆசிரியர் காலனி இருக்கிறது. இந்த வருஷமும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். கோப்பை அனுப்ப மறுநாள் பிற்பகல் மூன்று மணி வரை நேரம் இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் இஞ்சி டேப் தொங்கியது, கழற்ற மறந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது. பெயர் அஞ்சுகம், தையல்காரி, ஊர் காளவாய் மேடு. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

"வருஷா வருஷம் எங்க மேட்டுக்குத் தண்ணி வருது சார். படகு வரல. இந்த வருஷமாவது வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"மனு குடுத்தீங்களா?"

"குடுத்தேனே." பையிலிருந்து ஐந்து கடிதங்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். ஐந்தையும் லேமினேட் செய்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: 'ஒருங்கிணைந்த கோப்பின்படி காளவாய் மேடு பகுதியில் குடியிருப்போர் எவரும் இல்லை என்பது தெரிவிக்கப்படுகிறது.' கடைசி இரண்டில் என் கையெழுத்து இருந்தது.

"நான் இல்லன்னு எழுதி, எனக்கே அனுப்பிருக்கீங்க சார். என் அட்ரஸுக்கு. போஸ்ட்மேன் கரெக்டா கொண்டாந்து குடுத்துட்டாரு."

கடிதங்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினேன்.

"எத்தனை பேர் இருக்கீங்க அங்க?"

"நானூத்திப் பன்னெண்டு பேரு. முன்னாடி முகத்துவாரத்துல இருந்தோம். துறைமுகத்துக்கு எடம் வேணும்னு எங்களைத் தூக்கி இங்க போட்டாங்க. அஞ்சு வருஷமாச்சி. கம்ப்யூட்டர் படத்துல பாத்தோம், காலி எடம், தண்ணியும் அவ்வளவா வராதுன்னு கலெக்டர் ஆபீஸ்லயே சொன்னாங்க." கழுத்து டேப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்க அண்ணனைப் பாம்பு கடிச்சிடுச்சி. மாடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். படகு வரும் வரும்னு. மூணாம் நாள் போயிட்டாரு."

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒட்டியது நான்தான். பாம்புக்கடி வெள்ளச் சாவில் சேராது. அதனால் என் கோப்பின் பூஜ்யம் சரியென்றே முடிந்து, எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

"உங்க ரேஷன் கார்டு இருக்கா?" என்றேன்.

வழக்கத்தை மீறித் திறந்தேன். ஒட்டிய கோப்பில் அவள் எண் இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் இருந்த நான்காம் துண்டைத் திறந்தேன். அதில் இருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். போன வருஷத்து நான்காம் துண்டைத் திறந்தேன், அதற்கு முந்தினதையும் திறந்தேன். எல்லாவற்றிலும் இருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு வரியாக 'மாடி, காத்திருத்தல்' என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஆயிரக்கணக்கான வரிகள். யாரும் படிக்காத வரிகள்.

"என்னா சார் போட்ருக்கு?"

"மாடியில நிக்கறீங்க."

"அப்புறம்?"

இந்த வருஷத்து வடக்கு ஓட்டத்தில் இரவு ஒன்பது நாற்பது வரைக்கும் அவளுக்கு 'காத்திருத்தல்' என்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் எண்ணுக்கு வரியே இல்லை. வரி நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த மேட்டில் அப்படி முப்பத்தொரு எண்கள் நின்றிருந்தன.

"நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றேன்.

ஞா.பி. என்றால் ஞானப்பிரகாசம். இந்த மையத்தில் எனக்கு முந்தியவருக்கு முந்தியவர். ஓய்வு பெற்று மகளோடு ஓசூரில் இருக்கிறார். எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். அஞ்சுகம் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சார், பதினேழாவது வரியில விளிம்பு வெட்டு நாப்பதுன்னு இருக்கு. அதுல தொடாதேன்னு எழுதியிருக்கீங்க. ஏன் சார்?"

"என்ன, இன்னமும் அது இருக்கா?" என்றார். சிரித்தார்.

"இருக்கு சார். என்ன காரணம்?"

"காரணம் என்னய்யா பெரிய காரணம். பழைய புரோகிராம்ல ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டுக்குள்ள நாப்பது மீட்டர் போய் வரும். அந்த ஓரத்தை வெட்டாம ஒட்டினா அங்க இருக்கறவன்லாம் ரெண்டு தடவை எண்ணப்படுவான். அதுக்குத்தான் வெட்டு. புது புரோகிராம்ல ஓரமே கிடையாது. அதுக்குப் பூஜ்யம் போடணும். பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாக்க நாப்பது போட்டு வச்சேன். அப்ப ஜெரால்டுன்னு ஒரு அசிஸ்டென்ட். கை சும்மா இருக்காது. நான் சாப்டுட்டு வர்றதுக்குள்ள எதையாவது மாத்தி வச்சிடப் போறான்னு 'தொடாதே'ன்னு எழுதிட்டுப் போனேன்."

"சாப்பிட்டு வந்து மாத்தலையா?"

"எங்க வந்தேன்? கேன்டீன்ல இருக்கறப்பவே போன். பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு. அப்படியே பஸ் ஏறினேன். லீவுல இருக்கறப்பவே டிரான்ஸ்ஃபர். நீங்க யாராவது பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"பேரப்பிள்ளைக்கு இப்ப என்ன வயசு சார்?"

"ஆறு" என்றார்.

போனை வைத்தேன். அடுத்த வரியைப் பார்த்தேன். 'இடைவெளி = நிரப்பு.' இரண்டு பக்கமும் நாற்பது மீட்டர் வெட்டினால் நடுவில் எண்பது மீட்டர் ஓட்டை விழும். அதை இந்த வரி நிரப்பிவிடும். ஓட்டையின் இரு பக்கத் தண்ணீர் அளவையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடும், ஆளுக்குப் பூஜ்யம் போடும். படத்தில் ஓட்டையே தெரியாது. ஊரைத் துண்டு போட்டவர்கள் புத்திசாலிகள். வெட்டுகிற கோடுகளெல்லாம் வயல், உப்பங்கழி, ரயில் பாதை, பாழடைந்த காளவாய் மேடு என்று ஆள் இல்லாத இடங்களாகப் பார்த்துத்தான் போட்டார்கள். பிறகு இன்னொரு துறை அதே படத்தைப் பார்த்து, காலியாகத்தான் இருக்கிறது என்று அந்தக் கோட்டை ஒட்டியே நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து குடிவைத்தது. யார்மீதும் கோபப்பட முடியவில்லை. என்மீது மட்டும்தான் முடிந்தது. மூன்று தடவை தேதி மாற்றியவன் ஒரு தடவை அந்த வரியைப் படித்திருக்கலாம்.

அஞ்சுகத்திடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாளில் இரண்டு கட்டம் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தையலுக்கு ஓரம் வுடுவோம்ல, அந்த மாதிரிதானே? ஓரம் வுடாம வெட்டின துணியில ஓரத்தை வெட்டினா சட்டை பத்தாது சார். அக்குள்ல இழுக்கும்."

"ஆமா."

"நாங்க அந்த அக்குள்ல இருக்கறோம்."

"ஆமா."

"அப்ப அந்த நாப்பதை எடுத்துட்டுப் பூஜ்யம் போடுங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அவளை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, தனியாகச் சோதனைக்கு ஒரு தடவை பூஜ்யம் போட்டு ஒட்டினேன். வடக்கு: முப்பத்தொன்று. தெற்கு: இரண்டு. எழுந்து இயக்குநர் அறைக்குப் போனேன்.

ஆக்னஸ் மேடம் பொறுமைசாலி. முழுக்கக் கேட்டார்.

"தில்லை, அளவுருக் கோப்புல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் குழு ஒப்புதல் வேணும். குழு ஜனவரியிலதான் கூடும்" என்றார்.

"வருஷா வருஷம் தேதி மாத்தறோமே மேடம்."

"அது மாத்தறது இல்ல. அது வழக்கம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீடு ஆசிரியர் காலனிதானே?"

"ஆமா மேடம்."

"தெற்கு திறந்தா உங்க காலனிக்குத்தான் போகும்."

"தெரியும் மேடம்."

"ரெண்டு சாவு போட்டிருக்கு. யாருன்னு பாத்தீங்களா?"

"பாக்கலை."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து டிபன் கேரியரை எடுத்தார். "மணி ஒண்ணு. நான் சாப்பிடப் போறேன். நீங்க என்கிட்ட எதுவும் சொல்லலை, நானும் எதுவும் கேக்கலை. புரியுதா?"

புரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தெற்கு ஓட்டத்துக் கோப்பு திறந்திருந்தது. 'சாவு: 2' என்பதன்மேல் விரலை வைத்தால் இரண்டு எண்களும் வரும். காலனியில் நூற்று அறுபது வீடுகள், பாதிக்குமேல் எனக்குத் தெரிந்தவர்கள். மூன்றாம் தெரு கோடியில் இருக்கிற நீரிழிவுக்கார அறிவியல் வாத்தியாராக இருக்கலாம். புனிதாவோடு வேலை பார்க்கிற ஷைலஜா டீச்சராக இருக்கலாம், அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். காலையில் ஓர் ஆளின் வரி நிற்பதைப் பார்த்தாயிற்று, அந்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

பதினேழாவது வரியில் நாற்பதை அழித்துப் பூஜ்யம் போட்டேன். 'தொடாதே'யை அழித்தேன். ஒட்டி, மூன்று வடிவத்துக்கும் மாற்றி, ஒன்று நாற்பதுக்கு அனுப்பினேன். வெளியே வந்து, "இந்த வருஷம் உங்க பக்கம் தண்ணி வராது" என்றேன். அஞ்சுகம் நம்பவில்லை. "எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போதே காலனிக்காரர்கள் எல்லார் போனிலும் செய்தி வந்துவிட்டது: 'தெற்கு மதகு மாலை 6 மணிக்குத் திறக்கும். மாடி உள்ளவர்கள் மாடியில் காத்திருக்கவும். படகு வரும்.' எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது, மொட்டை மாடிக்கு இரும்பு ஏணிதான். புனிதா பள்ளியிலிருந்து வந்து, வாசலில் நின்று அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

"படகு வருமாமே? அப்ப சமையல் முடிச்சிடறேன்" என்றாள்.

"வீட்டுல இருக்க வேண்டாம். எல்லாரும் கிளம்பணும். காலனி முழுக்க."

"படகு வரும்னு உங்க ஆபீஸ்தானே சொல்லுது?"

"வரும். ரெண்டு பேருக்கு மட்டும் லேட்டா வரும். யாருக்குன்னு தெரியாது. அதனால எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லணும்."

"பாத்துச் சொல்லக் கூடாதா யாருன்னு?"

"கூடாது."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் ஒற்றைப்படை எண் வீடுகள், நான் இரட்டைப்படை. கணக்கு டீச்சர் பிரித்துக் கொடுத்தது. மழை ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: இத்தனை வருஷம் வடக்குதானே, இந்த வருஷம் ஏன் நம்ம பக்கம்? ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் கையில் காப்பித் தம்ளரோடு, "நீர் அங்கதானய்யா வேலை பாக்கறீர், இதைக்கூடப் பாத்துக்கக் கூடாதா?" என்று சண்டைக்கு வந்தார். அவரை ஸ்கூட்டரில் ஏற்றி உயரமான இடத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். ஆறு மணிக்குள் நூற்று ஐம்பத்தெட்டு வீடுகள் காலி. இரண்டு வீடுகள் முன்பே பூட்டியிருந்தன. எங்கள் வீட்டைப் பூட்ட நேரமில்லை. அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம்.

தண்ணீர் மார்பளவு வந்து இரண்டு நாள் நின்றது. சாவு இல்லை. காளவாய் மேட்டில் கணுக்கால்கூட நனையவில்லை.

டிசம்பரில் விசாரணை வைத்தார்கள். குற்றச்சாட்டு சரியாகத்தான் இருந்தது: மனிதக் கை படக் கூடாத கோப்பில் கை வைத்தேன். விசாரணை அதிகாரி லியாகத் அலி மெதுவாகப் பேசுகிறவர். காளவாய் மேட்டு விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்தார்.

"தெற்கு ஓட்டத்துல ரெண்டு சாவு இருக்கு. அந்த எண்களை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"பாத்ததா பதிவும் இல்ல. எதுக்கும் நேர்ல கேக்கணுமில்லையா." தாளை என் பக்கம் திருப்பினார். "இது உங்க ரேஷன் கார்டு. உறுப்பினர் ஒண்ணு, ரெண்டு. நீங்களும் உங்க மனைவியும்."

பார்த்தேன். எங்கள் எண்தான். 'வீடு, காத்திருத்தல்' என்று ஏழு மணி பதினெட்டு வரை ஓடியது. வெள்ளத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது எங்கள் சமையலறைச் சுவர் உள்பக்கமாக விழுந்து கிடந்தது. ஈரச் சுவர் என்று நினைத்து ஆள் வைத்து அள்ளிப் போட்டோம். கோப்பில் எங்கள் வீட்டுக்குப் படகு வந்த நேரம் ஏழு நாற்பது.

"கிளம்பாததுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. வாசிக்கறேன்" என்றார். "மையத்தின் தகவலை முழுமையாக நம்பினார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை அவர் பக்கமே தள்ளி வைத்தேன். புனிதாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"கடைசியா ஒரு கேள்வி. இது விசாரணைக்காக இல்ல, எனக்காக." பேனாவை மூடினார். "பாத்திருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

கதவுக்கு வெளியே பெஞ்சில் அஞ்சுகம் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு கடிதங்கள் இருந்தன. நான் எழுதிக் கொடுத்ததையும் லேமினேட் செய்துவிட்டாள்.

"மாட்டேன் சார்" என்றேன். "அதனாலதான் பாக்கலை."